ஓகஸ்ட் லீவுக்கு ஐந்து பிள்ளைகள், ஒரு மாமி: திருமலையில் (திருகோணமலை) நூதனசாலை (மியூசியம்) பார்க்கப் போகலாமா?

லிங்கநகர்_அம்மா

லீவுக்கு வவுனியாவில் இருந்து என் தங்கச்சி குடும்பத்தோடு வருகிறாள். அவளுக்கு மூன்று, எனக்கு இரண்டு, ஆக ஐந்து பிள்ளைகள். மூத்தவனுக்குப் பதின்மூன்று, கடைக்குட்டிக்கு நாலரை. ஒவ்வொரு முறையும் இதே கதைதான்: முதல் நாள் கோணேசர் கோவில், அடுத்த நாள் நிலாவெளிக் கடல், மூன்றாம் நாள் கன்னியா வெந்நீரூற்று, நாலாம் நாள் ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு ஃபானுக்குக் கீழே படுத்துவிடுவார்கள், நான் குசினிக்குள்ளேயே நிற்பேன். இந்த முறை அந்த நாலாம் நாளுக்குக் கூரையும் நிழலும் உள்ள ஓர் இடம் வேண்டும், நிமிடத்துக்கு ஒரு தடவை கடலைப் பார்த்துத் தலை எண்ணத் தேவையில்லாத இடமாக இருந்தால் புண்ணியம். டொக்யார்ட் வீதியால் எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருப்பேன், அந்தப் பழைய ஒல்லாந்தர் வீட்டு நூதனசாலையின் பலகையும் கண்ணில் பட்டிருக்கிறது, ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. பிறந்து வளர்ந்த ஊர், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பயம் என்னவென்றால், போன வருடம் வேறொரு ஊரில் ஒரு நூதனசாலைக்குப் போனோம். இடத்தின் பெயர் வேண்டாம். உள்ளே போன நேரம் முதல் காவலுக்கு நின்றவர் எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே "தொடாதே, தொடாதே, சத்தம் போடாதே" என்று வந்துகொண்டிருந்தார். சின்னவள் பாவம், ஒன்றையும் தொடக்கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள், அப்படி நடந்து கண்ணாடிப் பெட்டியில் முழங்கை பட்டதற்கு ஏச்சு. பலகைகளில் இருந்த தமிழை மகன் எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறினான், அவன் பிழை இல்லை, பலகையில்தான் பிழை. இருபது நிமிடத்தில் வெளியே வந்து ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்து அழுகையை நிறுத்தினேன். அன்றிலிருந்து நூதனசாலை என்றாலே வீட்டில் எல்லோருக்கும் வயிற்றுவலி வருகிறது.

மாமிக்கு, என் கணவரின் அம்மாவுக்கு, முழங்கால் வருத்தம், படி ஏற ஏலாது, தனியே வீட்டில் விடவும் மனமில்லை. நேவிக்குள்ளே மலையில் கோபுரத்தோடு இன்னொன்று இருக்கிறதாமே, அதற்குச் சாதாரண சனத்தை விடுவார்களா? எத்தனை மணிக்குப் போனால் நல்லது? எல்லாவற்றையும் விட, பிள்ளைகளுக்கு அலுக்காமல் இருக்க நீங்கள் என்ன செய்தீர்கள்? "நல்ல இடம், கட்டாயம் போங்கள்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள், அது கூகிளிலேயே இருக்கிறது.


உவர்மலை_வாத்தி

தங்கச்சி, நாற்பது பிள்ளைகளை வரிசையில் கூட்டிக்கொண்டு நூதனசாலை, கோட்டை, குளம் என்று முப்பது வருடம் அலைந்த ஆள் நான், ஓய்வு பெற்று உவர்மலையில் சும்மா இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்கள் ஊர்ச் சனத்தில் பாதிப் பேர் உள்ளே போனதில்லை. வெள்ளைக்காரர் தொப்பியோடு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், நாங்கள் வெளியே பஸ்ஸுக்கு நிற்போம்.

டொக்யார்ட் வீதியில் இருப்பது ஒல்லாந்தர் காலத்தில் அவர்களுடைய கடற்படை ஆணையாளர் இருந்த வீடு. உள்ளே இருக்கும் பொருட்களைப் பிறகு பார்க்கலாம், முதலில் வீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரின் தடிப்பு, விறாந்தை, உயரமான கதவுகள். ஃபான் இல்லாத காலத்தில் எங்கள் ஊர் வெயிலை எப்படிச் சமாளித்தார்கள் என்பது அந்த வீட்டிலேயே எழுதியிருக்கிறது, பலகை வாசிக்கத் தேவையில்லை. மாடி வீடுதான், ஆனால் கீழேயே பார்க்க நிறைய இருக்கிறது, மாமி கீழே இருக்கலாம். ஒரு மடக்குக் கதிரை கொண்டு போங்கள்.

அலுக்காமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டு உள்ளே விடுங்கள்: "இந்தச் சின்ன ஊருக்காக ஏன் இத்தனை பேர் அடிபட்டார்கள்?" போர்த்துக்கேயர் 1624 இல் கோட்டை கட்டினார்கள், 1639 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1782 ஜனவரியில் ஆங்கிலேயர், அதே வருடம் ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர், 1783 சமாதானத்தோடு திரும்பவும் ஒல்லாந்தர் கையில், 1795 இல் மறுபடி ஆங்கிலேயர். இதை வாயால் சொன்னால் கொட்டாவிதான் வரும். நான் என்ன செய்வேன் என்றால் முற்றத்தில் நாலு பிள்ளைகளுக்கு நாலு நாட்டின் பெயரை வைத்து, ஐந்தாவது பிள்ளையைத் துறைமுகம் என்று நடுவில் நிற்கவைத்து, வருடத்தைக் கூப்பிடக் கூப்பிட ஓடிவந்து கையைப் பிடிக்கச் சொல்வேன். 1782 க்கு இரண்டு தரம் ஓட வேண்டும், அங்கேதான் சிரிப்பு. உங்களிடம் சரியாக ஐந்து பேர் இருக்கிறார்கள். கடைக்குட்டியைத் துறைமுகம் ஆக்குங்கள், அதற்கு ஓடத் தேவையில்லை, எல்லோரும் அதைத் தேடித்தான் வருவார்கள்.

பதிலும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர்கள் கேட்க நீங்கள் முழிப்பீர்கள். வாடைக் காற்றுக் காலத்தில் இந்தியாவின் கிழக்குக் கரை முழுக்க அலை நேரே வந்து அடிக்கும், அந்தக் காலத்துச் சென்னையில் ஒரு பாய்க்கப்பல் ஒதுங்க இடமில்லை. எங்கள் உட்துறைமுகமோ ஆழமானது, சுற்றிவர மலை, எந்தக் காற்றுக்கும் உள்ளே தண்ணீர் அசையாது. திருமலை யார் கையில் இருக்கிறதோ அவன் மாரியிலும் கப்பலைக் கிட்டவே வைத்திருக்கலாம், மற்றவன் தூர ஓடிவிட்டுத் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இது விளங்கின பிள்ளைக்கு நூதனசாலையில் இருக்கும் வரைபடம், பீரங்கி, கப்பல் எல்லாம் தானாகவே பேசும்.

மலையில் இருப்பது ஹூட்ஸ் கோபுரம். பழைய ஒஸ்ரன்பேர்க் கோட்டை இருந்த மேட்டில், டொக்யார்டுக்குள்ளே. ஆங்கிலேய அட்மிரல் சாமுவேல் ஹூட்டின் பெயர். கரையோரத்துக்கு வைத்த பெரிய பீரங்கிகளும், துறைமுகம் முழுவதும் ஒரே பார்வையில் விழும் காட்சியும்தான் அங்கே விசேஷம். கடற்படைத் தளத்துக்குள்ளே என்பதால் பெரியவர்கள் எல்லோரும் அடையாள அட்டை கொண்டு போங்கள், முதல்நாளே வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள், ஏனென்றால் அவர்களுக்கு ஏதாவது நிகழ்ச்சி என்றால் அன்று பார்வையாளர் இல்லை. மேடு என்பதால் மாமிக்கு அது சரிவராது. இரண்டையும் ஒரே நாளில் வைக்கவே வேண்டாம். ஒரு நாளுக்கு ஒரு நூதனசாலை, அதுவும் ஒன்றரை மணித்தியாலம். அதற்கு மேல் நின்றால் பெரியவர்களுக்கே கால் கடுக்கும், நாங்கள்தான் ஒத்துக்கொள்வதில்லை.


மட்டிக்களி_அப்பா

அக்கா, வாத்தியார் சொன்னது எல்லாம் சரி, ஆனால் என் பெடியனுக்குப் பிடித்தது வரலாறு இல்லை, பீரங்கிதான். இரும்பில் கை வைத்துப் பார்த்தான், வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது, கையை உதறிவிட்டு "அப்பா, சுடாமலே சுடுது" என்றான். பிறகு வாய்க்குள் கண்ணை வைத்துப் பார்த்தான். உள்ளே ஒரு பிஸ்கட் பைக்கற்றின் தாள், அதற்குப் பின்னால் ஒரு பல்லி. வீட்டுக்கு வந்து மூன்று நாள் அந்தப் பல்லியைப் பற்றித்தான் கதை. நான் ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று விளக்கின ஒன்றும் ஏறவில்லை. பரவாயில்லை, ஒரு மாதம் கழித்து அவனே கேட்டான், "பீரங்கியை ஏன் கடல் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள், ஊர்ப் பக்கம் இருந்து ஆட்கள் வந்தால்?" என்று. நான் பதில் சொல்ல முடியாமல் தேத்தண்ணீர் குடித்தேன்.

நேரம் பற்றிக் கேட்டீர்கள். ஓகஸ்டில் கச்சான், அதாவது வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும், பத்தரைக்குப் பிறகு முற்றத்தில் நிற்க ஏலாது. ஒன்பது மணிபோல நூதனசாலை, பதினொன்றுக்குள் வீடு, சாப்பாடு, நித்திரை. நாலரைக்குப் பிறகு கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் உள்ள பிரெட்ரிக் கோட்டை, உள்ளே மான்கள் திரியும். கோட்டைக்கு என்ன நூதனசாலையா என்று கேட்காதீர்கள், மானைப் பார்க்கும் சாட்டில் எல்லாவற்றையும் காட்டிவிடலாம். வெலிங்டன் என்று நெப்போலியனைத் தோற்கடித்த ஆள் 1800 இல் வந்து தங்கிய வீடும் உள்ளேதான் இருக்கிறது, வெளியே இருந்து பார்க்கலாம்.

மான் விஷயத்தில் மட்டும் கவனம். போன முறை என் மனைவி பட்டீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்று கதைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கொம்பன் வந்து, அவசரமே இல்லாமல், சொந்தக்காரன் மாதிரி, பைக்குள் தலையை விட்டு ஆறு பட்டீஸில் நாலைத் தின்றுவிட்டது. பிள்ளைகள் கை தட்டுகிறார்கள், இவள் கத்துகிறாள். சிரிப்புக் கதைதான், ஆனால் அதுகள் பொலித்தீனையும் சேர்த்துத் தின்கின்றன, தின்று சாகின்றன. பை கொண்டு போகாதீர்கள். மானுக்குத் தீனி போடச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டாலும் போட வேண்டாம்.


கோணேசர்_வீதி

எல்லோரும் நல்லாய்த்தான் எழுதுகிறீர்கள், ஆனால் ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. காசு கொடுத்து உள்ளே போய் போர்த்துக்கேயன், ஒல்லாந்தன், வெள்ளைக்காரன் கதையைப் பார்த்துவிட்டு வந்தால் பிள்ளைக்கு இந்த ஊரில் முதலில் யார் இருந்தார்கள் என்று எப்படித் தெரியும்? எங்கள் ஊர் நூதனசாலைகளைப் பாருங்கள், நேவி ஒன்று, நேவி இன்னொன்று, உவர்மலையில் ஆமி ஒன்று. சீருடைக்காரர் சொல்லும் கதை சீருடைக்காரர் கதையாகத்தான் இருக்கும். மீன்பிடிக்காரன் எங்கே, முத்துக்குளித்தவன் எங்கே, டொக்யார்டில் கூலிக்கு நின்றவன் எங்கே?

நான் என் பிள்ளைகளை முதலில் கூட்டிக்கொண்டு போனது கோட்டை வாசலுக்கு. தினமும் கோவிலுக்குப் போகும் சனம் அந்த வாசலால்தான் போகிறது, நிமிர்ந்து பார்ப்பவர் யார்? வாசல் கல்லில் இரண்டு மீன், பாண்டியர் சின்னம், பக்கத்தில் உடைந்த தமிழ் எழுத்து. குளக்கோட்டன் என்ற அரசன் கோவிலுக்குச் செய்த திருப்பணியைப் பறங்கி (போர்த்துக்கேயன்) பிரிப்பான் என்று ஒரு பாட்டு உண்டல்லவா, அதன் துண்டு என்றுதான் வழிவழியாக வாசித்து வருகிறார்கள். கோவிலை இடித்த கல்லில் கட்டின கோட்டை, அந்தக் கல்லே இன்னும் வாசலில் நிற்கிறது. இதைவிட என்ன நூதனசாலை? மகள் மீனை விரலால் கோடு போட்டுப் பார்த்தாள், கண்ணாடி இல்லை, காவல் இல்லை, டிக்கெட் இல்லை.


உவர்மலை_வாத்தி

தம்பி கோணேசர் வீதி, கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றைப் பார்க்க மற்றதை விட வேண்டும் என்று யார் சொன்னது? வாசல் கல்லில் மீனைப் பார்த்த பிள்ளைதான் அந்த ஒல்லாந்தர் வீட்டுக்குள் போய் "எங்கள் கதை எங்கே" என்று கேட்கும். கேட்கட்டும். இல்லாததைக் காண்பதும் பார்வைதான். நான் பிள்ளைகளுக்கு அதையே பயிற்சியாகக் கொடுத்திருக்கிறேன், "இந்த அறையில் யார் இல்லை?" என்று எழுதிவரச் சொன்னேன். ஒரு பிள்ளை "சமைத்தவர்கள் இல்லை" என்று எழுதியிருந்தாள். எனக்கு அது தோன்றியதே இல்லை.

கோவில் கதையைச் சொல்வதென்றால் முழுதாகச் சொல்லுங்கள். 1950 இல் ஊருக்குள் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் இருந்து வெண்கல விக்கிரகங்கள் வெளியே வந்தன, சோமாஸ்கந்தர், சந்திரசேகரர் என்று. இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்து யாரோ புதைத்துவைத்தவை. 1956 இல் சுழியோடிகள் கோவில் நிற்கும் சுவாமிமலைப் பாறைக்குக் கீழே கடலுக்குள் பழைய கோவிலின் தூண்களைக் கண்டார்கள். திரும்பக் கட்டின கோவிலுக்கு 1963 இல் கும்பாபிஷேகம். பிள்ளைக்கு இது புதையல் கதை. கிணறு வெட்டினவனின் மண்வெட்டி "டங்" என்று பட்ட இடத்தில் இருந்து தொடங்குங்கள், எந்தப் பிள்ளையும் எழும்பிப் போகாது.

இன்னொன்று, வான் பிடித்துப் போகிறீர்கள் என்றால் பெரியகுளத்துப் பக்கம் வெல்கம் விகாரை இருக்கிறது, சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். பௌத்த விகாரை, கல்வெட்டுகள் தமிழில். மூத்தவனுக்குப் பதின்மூன்று என்றீர்கள், அவனுக்கு அதைக் காட்டுங்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இரண்டு பக்கமாகப் பிரித்துவைத்த விஷயம் அங்கே ஒரே கல்லில் இருக்கிறது. சின்னதுகளுக்கு அது வெறும் கல், அவர்களை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

உவர்மலை ஆமி நூதனசாலை பற்றி: யுத்தச் சாமான்கள். எங்கள் வீடுகளில் அந்தக் காலத்துக்கு வேறு வேறு நினைவுகள் உண்டு. பிள்ளை கேட்கும் கேள்விக்கு உங்களிடம் பதில் தயார் என்றால் மட்டும் போங்கள். நான் பேரப்பிள்ளைகளை இன்னும் கூட்டிக்கொண்டு போகவில்லை.


கிண்ணியா_தாத்தா

(தாத்தா என்றால் எங்கள் பக்கம் அக்கா, நான் கிழவன் இல்லை, ஒவ்வொரு முறையும் இதை எழுத வேண்டியிருக்கிறது.)

நான் வேறு மாதிரிச் செய்தேன். என் மகனுக்குப் பாலம் இல்லாத கிண்ணியாவைத் தெரியாது. 2009 இல் பாலம் திறந்தார்கள், அவன் அதற்குப் பிறகு பிறந்தவன். "நாங்கள் திருமலை ஆஸ்பத்திரிக்குப் பாதையில்தான் போவோம்" என்றால், "எல்லோரும் பாதையில்தானே போவார்கள்" என்கிறான். றோட்டை நினைக்கிறான். பாதை என்றால் பஸ், லொறி, ஆடு, மாடு, பிள்ளைத்தாச்சி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தண்ணீருக்கு மேலால் ஊர்ந்துபோகும் மிதவை என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. அந்தப் பாதையின் ஒரு கயிற்றுத் துண்டு ஏதாவது நூதனசாலையில் இருக்கிறதா? எனக்குத் தெரிந்து நான் பார்த்ததில்லை.

அதனால் நூதனசாலைக்குப் போய்விட்டு வந்த அன்று பின்னேரமே வீட்டில் ஒன்று வைத்தோம். உம்மாவின் பெட்டகத்தைத் திறந்து பிள்ளைகள் ஆளுக்கொரு சாமான் எடுத்து, பெயர், எங்கே வாங்கியது, யார் பாவித்தது என்று அட்டையில் எழுதி மேசையில் வைத்தார்கள். அரிசி அளக்கும் கொத்து, படிக்கம், வாப்பாவின் ரோர்ச் லைற். டிக்கெட் ஐந்து ரூபாய். உம்மா தன் சாமானையே பார்க்க ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டு "இந்தக் கொத்து எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு முந்தியது, நீ அட்டையில் பிழையாக எழுதியிருக்கிறாய்" என்று சண்டை பிடித்தார். அட்டையைத் திருத்தினோம்.

நேரம் இருந்தால் நிலாவெளி றோட்டில் இரண்டாம் உலகப் போர்க்கால யுத்த மயானத்துக்கும் போங்கள். அமைதியான, பச்சைப் பசேலென்ற இடம். பெயரும் வயதும் கல்லில் இருக்கின்றன, 19, 20, 22 என்று. மூத்த பிள்ளைகள் அந்த வயதுகளை வாசிக்கத் தொடங்கினால் தானாகவே சத்தம் குறையும்.


மட்டிக்களி_அப்பா

மயானத்தைச் சொல்ல ஞாபகம் வந்தது, 1942 ஐ யாரும் சொல்லவில்லையே. ஏப்ரல் 9, ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்ட நாள். துறைமுகத்தில் எரிந்த சகாயிங் என்ற கப்பலை 2018 இல் நேவிச் சுழியோடிகள் மேலே எடுத்தார்கள், அதுவரை தண்ணீருக்குள் கிடந்தது. சீனக்குடாவில் காட்டுக்குள் நிற்கும் 99 எண்ணெய்க் குதங்கள் என்று செய்தியில் சொல்வார்களே, அந்தத் தொகுதியில் அன்று அடிபட்டு எரிந்ததும் ஒன்று. பெடியன்களுக்கு வான்குண்டு, கப்பல், சுழியோடி மூன்றும் ஒரே கதையில் வந்தால் வேறென்ன வேண்டும்.

இன்னும் ஒரு சின்ன விஷயம், பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்: எங்கள் ஊரே ஒரு நூதனசாலையாக இங்கிலாந்தில் நிற்கிறது தெரியுமா? 'ட்ரிங்கோமலி' என்று பெயர் வைத்த போர்க்கப்பல், 1817 இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டினது, இன்றும் ஹார்ட்டில்பூல் என்ற இடத்தில் தண்ணீரில் மிதக்கிறது. அங்கே உள்ள பிள்ளைகள் டிக்கெட் எடுத்து எங்கள் ஊர்ப் பெயருக்குள் ஏறி இறங்குகிறார்கள், எங்கள் பிள்ளைகள் ஃபானுக்குக் கீழே.


லிங்கநகர்_அம்மா

போய்விட்டு வந்தோம். எல்லோருக்கும் நன்றி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், கேட்டவள் நான்தானே.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம் (ஐந்து பிள்ளைகளோடு ஒன்பதுக்கு வெளிக்கிடுவது எந்தக் காலத்தில் நடந்தது). வாசலில் ஒரு நேவிப் பெடியன், சிங்களப் பிள்ளை, மாமியைக் கண்டதும் கதிரை ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு வந்து விறாந்தையில் போட்டுக் கொடுத்தான். நாங்கள் கொண்டு போன மடக்குக் கதிரை வானிலேயே கிடந்தது. யாரும் எங்களுக்குப் பின்னால் வரவில்லை. சின்னவள் முதல் பத்து நிமிடம் பழக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடந்தாள், எனக்கு அதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. பிறகு ஒரு ஜன்னலைக் கண்டுபிடித்தாள். சுவர் அவ்வளவு தடிப்பு, ஜன்னல் கட்டில் ஏறிக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள், இறங்க மாட்டேன் என்கிறாள். தங்கச்சியின் நடு மகள் சாணால் அளந்து பார்த்தாள், அவளுடைய கைக்கு நாலு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் வீட்டுச் சுவரை வந்து அளந்தார்கள், ஒரு சாண்தான். "எங்கட வீடு ஏன் அம்மா மெல்லிசு?" என்று கேள்வி.

நாலு நாடும் துறைமுகமும் விளையாட்டு நடந்தது. வாத்தியார் ஐயா, நீங்கள் சொன்ன மாதிரி 1782 இல் எல்லாம் குழம்பியது, ஆனால் சிரிப்பால் இல்லை. என் மகன்தான் பிரெஞ்சுக்காரன், ஒரு வருடத்தில் விட்டுப் போகச் சொன்னதும் மாட்டேன் என்று துறைமுகத்தின் கையை விடவில்லை, துறைமுகம் அழத் தொடங்கிவிட்டது. ஒல்லாந்தர் வந்து ஒரு ரொஃபி கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். மூத்தவன், பதின்மூன்று வயது, இதிலெல்லாம் சேர மாட்டேன் என்று போனோடு தள்ளி நின்றவன், ஆங்கிலேயனுக்கு ஆள் குறைகிறது என்றதும் வந்து நின்றான். வாடைக் காற்று விஷயத்தை அவனுக்குச் சொன்னேன், போனில் வரைபடத்தை எடுத்துக் கரையைப் பார்த்துக்கொண்டே மாடிக்குப் போனான், அங்கே வெகு நேரம் நின்றான். என்ன பார்த்தாய் என்று கேட்டதற்கு "ஒன்றுமில்லை" என்றான். அந்த வயதில் அதுதான் பதில்.

மாமியின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. விறாந்தையில் இருந்தவர் பக்கத்துச் சுவரைத் தடவிப் பார்த்து, நகத்தால் மெல்லச் சுரண்டி, "இது சிப்பிச் சுண்ணாம்பு" என்றார். அவருடைய அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் டொக்யார்டில் வேலை செய்தவராம், 57 இல் வெள்ளைக்காரன் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போனபோது வேலை போய்விட்டது, பிறகு சுண்ணாம்புச் சூளை வைத்தாராம். இருபது வருடம் இந்த வீட்டு மருமகள் நான், டொக்யார்ட் என்றோ சூளை என்றோ ஒரு சொல் கேட்டதில்லை. ஏன் சொல்லவில்லை மாமி என்றால், "நீ கேட்டாயா?" என்கிறார். கோணேசர் வீதி அண்ணை, டொக்யார்டில் கூலிக்கு நின்றவன் எங்கே என்று கேட்டீர்களே, அவருடைய மகள் அன்று விறாந்தையில் கதிரை போட்டு இருந்தார்.

பிறகு அந்த நேவிப் பெடியனுக்கும் மாமிக்கும் பெரிய சம்பாஷணை. மாமிக்குத் தெரிந்த சிங்களம் சந்தைச் சிங்களம், அவனுக்குத் தமிழ் பத்துச் சொல். சிப்பியைச் சூளையில் எப்படி அடுக்குவது என்று கையால் அடுக்கிக் காட்டினார், அவன் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். நாங்கள் மாடியில் இருந்து இறங்கி வந்தும் முடியவில்லை, பதினொன்றரை ஆகிவிட்டது, வான்காரர் ஹோர்ன் அடித்தார்.

பின்னேரம் கோட்டைக்குப் போனோம், பை கொண்டு போகவில்லை. மீனைக் கண்டுபிடிக்க ஆளுக்கொரு பக்கமாகத் தேடினார்கள், முதலில் கண்டது தங்கச்சியின் கடைசி, ஏழு வயது. கோவிலில் இருந்து வந்த சனம் நாலைந்து பேர் நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று தாங்களும் நின்று பார்த்தார்கள். ஒரு ஐயா "நான் நாற்பது வருடமாக இதால் போகிறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டார்.

அலுத்ததும் உண்டு, மறைக்கவில்லை. பலகைகளை ஒருவரும் முழுதாக வாசிக்கவில்லை, நானும்தான். மகனுக்கு இடையில் பசி, தங்கச்சிக்குத் தலையிடி. தண்ணீர்ப் போத்தலை வானில் வைத்துவிட்டுப் போனது என் பிழை, இரண்டு தடவை ஓடினேன். அடுத்த தடவை ஹூட்ஸ் கோபுரத்துக்கு மூத்தவனையும் மகனையும் மட்டும் என் வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார், நாங்கள் வீட்டில் நிற்கிறோம்.

கிண்ணியாத் தாத்தா, உங்கள் மேசை நூதனசாலையை நாங்களும் வைத்தோம். டிக்கெட் பத்து ரூபாய், விலைவாசி ஏறிவிட்டது. மாமி தன் அப்பாவின் பாக்குவெட்டியை எங்கிருந்தோ எடுத்துத் தந்தார், அப்படி ஒன்று வீட்டில் இருந்ததே எனக்குத் தெரியாது. அட்டையைச் சின்னவள் தான்தான் எழுதுவேன் என்றாள், எழுதத் தெரியாது, அதனால் அவள் சொல்லச் சொல்ல மகன் எழுதினான். மேசையில் இன்னும் இருக்கிறது: "பாக்குவெட்டி. அப்பம்மாவின் அப்பாவுடையது. தொடலாம். வெட்டும்."